லெட் இல்லாத கிளேஸ் என்றால் ஊறுகாய் போட்டுவிடலாமா?

கோவைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். ஆள் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வயது 34. குழந்தை பிறந்ததும் வேலையை விட்டார், பொழுதுபோக்காகச் சக்கரத்தில் வனையக் கற்றுக்கொண்டார், நான்கு வருடத்தில் அது சின்ன வியாபாரமாகிவிட்டது. கார் ஷெட்டில் ஒரு கரண்ட் சூளை, அதிகபட்சம் 1250 டிகிரி. மண்ணும், அதன் மேல் பூசிச் சுடும் டிரான்ஸ்பரன்ட் கிளேஸும் (கண்ணாடிப் பூச்சு) 1220 டிகிரிக்கானவை. ஆனால் கரண்ட் பில்லும், அடிக்கடி எரிந்துபோகும் எலிமெண்டும் கட்டுப்படியாகாமல் 1180-லேயே நிறுத்திவிடுகிறார். "பார்க்க நல்லாத்தான் உருகியிருக்கு" என்கிறார். இணையத்தில் கிடைத்த ஒரு செய்முறையை வைத்து, பேரியம் கார்பனேட்டும் காப்பர் கார்பனேட்டும் போட்டு, மயில் கழுத்து மாதிரி ஒரு மேட் (பளபளப்பில்லாத) நீலம் தயாரித்திருக்கிறார். அதில் சுமார் நாற்பது கிண்ணமும் கோப்பையும் விற்றாயிற்று. இப்போது ஓர் ஆர்கானிக் கடைக்காரர் அதே நீலத்தில், உள்ளும் வெளியும், 60 ஊறுகாய் ஜாடி கேட்கிறார். பொங்கலுக்கு முன்னால் வேண்டுமாம்.

இதற்கிடையில் டிரான்ஸ்பரன்ட் கிண்ணம் வாங்கிய ஒருவர், "உள்ளே மயிர் மாதிரி கோடு கோடா தெரியுதே, பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டார். அதில்தான் இவருக்குத் தூக்கம் போயிருக்கிறது. தன் பக்க நியாயங்களையும் அடுக்கியிருக்கிறார்: கிளேஸில் லெட் இல்லை. வாங்கிய டப்பாவில் 'நான் டாக்ஸிக்' என்று போட்டிருக்கிறது. எலுமிச்சம்பழம் வைத்து ஒரு மணி நேரம் சோதித்தும் நிறம் மாறவில்லை. பேரியத்தை ஆஸ்பத்திரியிலேயே குடிக்கக் கொடுக்கிறார்கள். மாமியார் வேறு, "நாங்க காலம் பூரா ஈயச்சொம்புல ரசம் வெச்சோம், என்ன ஆச்சு?" என்கிறார். நான்கு வயதுப் பையன் தினமும் அந்த நீலக் கோப்பையில்தான் பால் குடிக்கிறான். கடைசி வரி: "சார், நான் பயப்படணுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்க."

பயப்பட வேண்டாம் அம்மா. ஆனால் அந்த நீலக் கோப்பையை இன்றைக்கே அலமாரியிலிருந்து எடுத்து, பேனா போட்டு வைக்கிற மேசைக்கு மாற்றிவிடுங்கள். பையன் ஓடி விளையாடிக்கொண்டு நன்றாக இருக்கிறான் என்றால் ஓட்டமாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை. பால் பெரிய அமிலமும் இல்லை, கோப்பையில் அது இருப்பதும் சில நிமிடம்தான். அடுத்த தடவை குழந்தை டாக்டரைப் பார்க்கும்போது விஷயத்தைச் சொல்லி வையுங்கள், போதும். ஊறுகாய் ஜாடி அப்படி இல்லை. உப்பு, புளிப்பு, எண்ணெய் மூன்றும் சேர்ந்து மாதக்கணக்கில் கிளேஸோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். உங்களுக்கு வந்த ஆர்டரிலேயே கஷ்டமான ஆர்டர் இதுதான், அதற்கு நீங்கள் எடுத்து வைத்திருப்பது உங்களிடம் உள்ளதிலேயே பலவீனமான கிளேஸ்.

முதலில் உங்கள் நியாயங்களைப் பார்த்துவிடுவோம்.

மாமியாரின் ஈயச்சொம்பு

மாமியார் சொன்னது பொய் இல்லை. ஆனால் அவர் சொல்லும் ஈயம் வேறு, நாம் பயப்படும் ஈயம் வேறு. ரசம் வைக்கிற சொம்பு வெள்ளீயம், அதாவது டின். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் அதுவேதான். கிளேஸ் சமாசாரத்தில் லெட் என்றால் காரீயம். தமிழில் இரண்டுக்கும் பொதுவாக ஈயம் என்று பேர் வைத்துக்கொண்டதால் வந்த குழப்பம் இது. டின் ஆக்சைடு கிளேஸை வெள்ளையாக்க இன்றும் பயன்படுகிறது, அதில் பெரிய சிக்கல் இல்லை. நாட்டுமருந்துக் கடையில் மிருதார்சிங்கி என்று ஒன்று விற்கிறார்களே, அது காரீய ஆக்சைடு. குறைந்த சூட்டில் கிளேஸைப் பளபளவென்று உருக்க உலகமெங்கும் நூற்றாண்டுகளாகப் போட்டுவந்தது அதைத்தான்.

அது என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம் மட்டும் சொல்கிறேன். கனடாவின் மொன்ட்ரியலில் கையால் செய்த ஒரு மண்ஜாடியில் ஆப்பிள் ஜூஸ் ஊற்றி வைத்து, அதைக் குடித்துவந்த சின்னக் குழந்தை ஒன்று காரீய விஷத்தால் இறந்துபோனது. 1970-ல் மருத்துவ இதழில் வெளிவந்த சம்பவம். காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவந்ததில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். எலும்பில் போய் உட்கார்ந்தால் பல வருடம் அங்கேயே இருக்கும். ஆகவே லெட் வேண்டாம் என்று நீங்கள் ஒதுக்கியது நல்ல காரியம். ஆனால் பாதித் தூரம்தான் வந்திருக்கிறீர்கள்.

ஆஸ்பத்திரி பேரியமும் உங்கள் பேரியமும்

எக்ஸ்ரேக்கு முன்னால் குடிக்கக் கொடுப்பது பேரியம் சல்பேட். அது வயிற்று அமிலத்தில் கரையாது, உள்ளே போன மாதிரியே வெளியே வந்துவிடும். நீங்கள் வாளியில் கலக்குவது பேரியம் கார்பனேட். அது வயிற்று அமிலத்தில் கரையும். கரைந்தால் ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கீழே இறக்கிவிடும், தசை தளரும், இதயத்துடிப்பு தடுமாறும். எலி பாஷாணமாக விற்ற சரக்கு அது. பேரில் பாதி ஒன்றாக இருப்பதால் குணமும் ஒன்றாகிவிடாது.

சூளையில் வெந்து கண்ணாடிக்குள் நன்றாகக் கட்டுப்பட்டுவிட்டால் பேரியம் அடங்கித்தான் இருக்கும், அது நிஜம். ஆனால் உங்கள் நீலத்தின் அழகே அது சரியாகக் கண்ணாடி ஆகாததில்தான் இருக்கிறது. கிளேஸ் என்பது மண்ணின் மேல் ஒட்டிய ஒரு கண்ணாடித் தோல். சிலிக்கா அதன் உடம்பு, அலுமினா அதன் எலும்பு, மற்ற சரக்கெல்லாம் உருக்கிவிட வந்தவை. பேரியம் நீலங்களில் பெரும்பாலும் சிலிக்காவும் அலுமினாவும் குறைவு, பேரியம் ஏராளம், அதன் மேல் காப்பரும் கைநிறைய. உடம்பில்லாத கண்ணாடி எதைப் பிடித்து வைக்கும்? புளிப்பு பட்டால் காப்பர் முதலில் கிளம்பும், கூடவே பேரியமும்.

எனக்கே நடந்திருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு காப்பர் பச்சைக் கிண்ணம் செய்து, கிளிப்பச்சையில் கண்ணைப் பறிக்கிறதே என்று சமையலறையில் வைத்துக்கொண்டேன். ஒருநாள் பாதி எலுமிச்சம்பழத்தை அதில் கவிழ்த்து வைத்துவிட்டு மறந்துபோனேன். மறுநாள் சாயங்காலம் எடுத்தால், பழத்தின் விளிம்பு அளவுக்கு ஒரு வட்டம், பச்சை வெளுத்து, சாம்பல் பூத்த மாதிரி. நகத்தால் தடவினால் அந்த இடம் மட்டும் சொரசொரவென்று இருந்தது. அதற்கு முந்தின ஒரு மாதம் அதில் மோர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

எலுமிச்சம்பழச் சோதனை எவ்வளவு தூரம் செல்லும்

ஒரு மணி நேரம் போதவே போதாது. கடையில் விற்கும் வெள்ளை வினிகரை வாங்குங்கள், அது பெரும்பாலும் 4 சதவீத அசிட்டிக் அமிலம்தான். கோப்பையைச் சாய்த்து வைத்து, உள்பக்கத்தில் பாதி நனையும்படி ஊற்றி, மூடி, மூன்று நாள் விட்டுவிடுங்கள். பிறகு கழுவித் துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். நனைந்த பகுதிக்கும் நனையாத பகுதிக்கும் நடுவே பிறைநிலா மாதிரி ஒரு கோடு தெரிந்தாலோ, பளபளப்பு செத்திருந்தாலோ, நிறம் ஒரு சாயல் குறைந்திருந்தாலோ, அந்தக் கிளேஸ் சாப்பாட்டுப் பக்கம் வரவே கூடாது.

கோடு தெரியவில்லை என்றால்? அப்போதும் பாஸ் கிடையாது. காரீயத்துக்கும் பேரியத்துக்கும் நிறமே இல்லை. வெளியேறினாலும் கண்ணுக்குத் தெரியாது. வீட்டுச் சோதனையால் ஒரு கிளேஸை ஒதுக்கலாம், பாதுகாப்பானது என்று சான்று கொடுக்க முடியாது.

அதற்கு லேப்தான். என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற, உணவுப் பாத்திரங்கள் சோதிக்கிற லேபைக் கேளுங்கள். 4 சதவீத அசிட்டிக் அமிலம், 22 டிகிரி, 24 மணி நேரம், இதுதான் வழக்கமான முறை. வெளிவந்த காரீயத்தையும் காட்மியத்தையும் அளப்பார்கள். உங்கள் விஷயத்தில் பேரியமும் காப்பரும் சேர்த்து அளக்கச் சொல்லி எழுதிக் கேட்க வேண்டும், தானாகச் செய்ய மாட்டார்கள். ரிப்போர்ட் வந்ததும் எந்த எண்ணோடு ஒப்பிடுவது என்று குழம்புவீர்கள். கோப்பைகளுக்கு அமெரிக்காவில் காரீயம் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் வரைதான், ஐரோப்பாவின் 1984-ம் வருட விதியில் அது 4 மில்லிகிராம். எட்டு மடங்கு வித்தியாசம். நான் கடுமையானதையே எடுத்துக்கொள்வேன். பேரியத்துக்கும் காப்பருக்கும் நம்மூர்க் குடிநீர்த் தரத்தை அளவுகோலாக வைத்துக்கொள்வது என் பழக்கம்: பேரியம் லிட்டருக்கு 0.7 மில்லிகிராம், காப்பர் வேறு தண்ணீர் இல்லாத இடத்திலும் 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது.

டப்பாவில் போட்டிருக்கும் 'நான் டாக்ஸிக்' பற்றி ஒரு வார்த்தை. அது பெரும்பாலும் கிளேஸைக் கையாள்கிற உங்களுக்கான உறுதி, சாப்பிடப்போகிறவருக்கானது இல்லை. 'டின்னர்வேர் சேஃப்' என்று போட்டிருந்தால் அது வேறு, ஆனால் அதுவும் அவர்கள் சொன்ன சூட்டில், அந்த ஒரு கிளேஸை மட்டும் பூசிச் சுட்டால்தான். ஒன்றின் மேல் ஒன்று பூசினாலோ, உங்கள் கைக்கு இன்னொரு சிட்டிகை காப்பர் சேர்த்தாலோ, அது புதுக் கிளேஸ். டப்பா அதற்குப் பொறுப்பேற்காது.

1180-ல் மிச்சம் பிடித்த காசு

இதைச் சொன்னால் கோபப்படாதீர்கள். உங்கள் கடிதத்திலேயே என்னைக் கவலைப்பட வைத்தது பேரியம்கூட இல்லை, இந்த 1180தான். பேரியத்தை இன்றே மூட்டை கட்டி வைத்துவிடலாம், ஆனால் குறைசூட்டில் சுட்டது நீங்கள் செய்த எல்லாப் பாத்திரத்திலும் இருக்கிறது.

1220 என்று எழுதிய மண்ணை 1180-ல் நிறுத்தினால் கிட்டத்தட்ட இரண்டு கோன் குறைவு. கோன் என்பது குறிப்பிட்ட சூட்டில் வளைந்து விழும் சின்னக் கூம்பு, சூளைச் சூட்டுக்கு அதுதான் அளவுகோல். மேலே கிளேஸ் பளபளக்கும், உள்ளே மண் முழுதாக இறுகியிருக்காது. பலகாரம் வெளியே சிவந்து உள்ளே மாவாக இருக்குமே, அந்தக் கதை. நீங்களே பார்க்கலாம். கிளேஸ் பூசாமல் அதே சூட்டில் சுட்ட ஒரு துண்டை எடை போடுங்கள். இரண்டு மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, இரவு முழுக்க அதிலேயே ஊறவிட்டு, ஈரம் ஒற்றி எடுத்து மறுபடி எடை போடுங்கள். 500 கிராம் துண்டு 520 ஆகியிருந்தால் 4 சதவீதம் தண்ணீர் குடித்திருக்கிறது. சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு நான் 2-க்கு மேல் விடமாட்டேன், ஊறுகாய் ஜாடிக்கு 1.

இப்போது அந்த மயிர்க்கோட்டுக்கு வருவோம். சூளை ஆறும்போது கிளேஸ் மண்ணைவிட அதிகமாகச் சுருங்கப் பார்க்கிறது, இடமில்லாமல் வெடித்துக் கோடாகிறது. கிரேசிங் என்போம். மண் நன்றாக இறுகியிருந்தால் கோடு பெரிய ஆபத்தில்லை, பாத்திரத்தின் பலம் குறையும், அவ்வளவுதான். மண் தண்ணீர் குடிக்கிற மண்ணாக இருந்தால் தயிரும் எண்ணெயும் கோடு வழியே உள்ளே இறங்கி, கழுவினாலும் போகாமல் நாற்றம் பிடிக்கும். மைக்ரோவேவில் வைத்தால் கைப்பிடி சுடும், உள்ளே ஊறிய தண்ணீர்தான் காரணம். கோட்டுக்குப் பதில் விளிம்பில் கிளேஸ் செதில் செதிலாக உரிந்து வந்தால் அது இன்னும் மோசம், கண்ணாடிச் சில்லு வாய்க்குள் போகும். அப்படி ஒன்று பார்த்தால் அந்தத் தடவை சூளையில் ஒன்றாகச் சுட்ட மொத்தத்தையும் உடைத்துப் போடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

ஆக, முதலில் 1220-க்கு ஏற்றுங்கள். மீட்டரை நம்பாதீர்கள், உள்ளே சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் பழசானால் பொய் சொல்லும், மேல் தட்டுக்கும் கீழ் தட்டுக்குமே வித்தியாசம் இருக்கும். ஒவ்வொரு தட்டிலும் கோன் 5, 6, 7 மூன்றையும் நிற்க வையுங்கள். 5 படுத்திருக்க வேண்டும், 6 வளைந்து நுனி தரையைத் தொட வேண்டும், 7 லேசாகத் தலை சாய்த்தால் போதும். அதற்குப் பிறகும் கோடு விழுந்தால் கிளேஸில் சிலிக்காவை 5 சதவீதம் கூட்டிப் பாருங்கள், பாதிக் கேஸ் அதிலேயே சரியாகும். மேலே ஒரு 'ஃபுட் சேஃப்' ஸ்பிரே அடித்தால் போதுமா என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். கூடாது. சுடுசாம்பாருக்கும் ஸ்க்ரப்பருக்கும் அது எத்தனை நாள் தாங்கும்?

உள்ளே என்ன பூசுவது

நம் வீட்டுப் பழைய ஊறுகாய் ஜாடியை ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள். கழுத்துக்கு மேலே காப்பி நிறம், கீழே சந்தன நிறம், உள்ளே ஒன்றுமே இல்லாத வெறும் பளபளப்பு. வண்ணமே இல்லை. அந்தப் புத்திதான் வேண்டும். உள்ளே வண்ணம் எதுவும் சேராத, வழுவழுப்பான, டிரான்ஸ்பரன்ட் அல்லது வெள்ளைக் கிளேஸ். உங்கள் கலைத்திறமை எல்லாம் வெளியே. கோப்பை என்றால் விளிம்புக்கு வெளியேயும் 2 சென்டிமீட்டர் வரை உள்கிளேஸே வரட்டும், உதடு படுகிற இடம்.

நீங்களே கலக்க ஆசைப்பட்டால், கோன் 6-க்குப் பலரும் கையாளும் ஒரு எளிய அடித்தளம் உண்டு: ஃபெல்ட்ஸ்பார், சிலிக்கா, கயோலின், வொல்லாஸ்டனைட், போரான் ஃபிரிட் (முன்பே உருக்கிப் பொடித்த கண்ணாடி), ஐந்தும் சம பங்கு. அவர்கள் ஃபெர்ரோ 3134 என்ற ஃபிரிட்டை வைத்துச் சொல்வது. நம்மூரில் கிடைக்கும் ஃபிரிட் வேறு கலவையாக இருக்கலாம், அதனால் விற்பவரிடம் அனாலிசிஸ் தாள் கேட்டு வாங்குங்கள், லெட் இல்லை என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். 1971-ல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி ஆரம்பித்ததிலிருந்து இந்தப் பக்கம் கைமாறி வந்த செய்முறைகளில் பல 1280, 1300 டிகிரிக்கானவை. அருமையான கிளேஸ்கள், ஆனால் உங்கள் 1220-ல் அவை முழுதாக உருகாது. செய்முறையை வாங்கும்போது முதலில் கோனைக் கேளுங்கள்.

நீலம் இல்லாமல் இருக்க முடியாதென்றால் வெளியே கோபால்ட் நீலம் போடுங்கள். மயில் கழுத்துதான் வேண்டும் என்றால், பேரியம் கார்பனேட் எடையில் முக்கால் பங்கு ஸ்ட்ரான்ஷியம் கார்பனேட்டை மாற்றிப் பாருங்கள். அதே நிறம் அச்சாக வராது, ஒரு மாற்றுக் குறைவாக வரும். அதையும் வெளிப்பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. கிளேஸ் பொடியைப் பழைய மிக்ஸி ஜாரில் அரைத்து டீ வடிகட்டியில் சலிப்பதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஜாரும் வடிகட்டியும் இனி சமையலறைக்குத் திரும்பவே கூடாது, மேலே பெயின்டால் பெருக்கல் குறி போட்டு வையுங்கள். உலர்ந்த பொடியைக் கையாளும்போது என்95 மாஸ்க். ஷெட்டை விளக்குமாற்றால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள், சிலிக்கா தூசி நுரையீரலில் போனால் திரும்பாது. பையன் அந்த ஷெட்டில் விளையாட வேண்டாம். கோப்பையில் குடித்த பாலைவிட, எனக்கு அவனைப் பற்றிய கவலை இதில்தான்.

விற்றுப்போன நாற்பது

மனசுக்குக் கஷ்டமான இடம் இது. வாங்கியவர்களின் நம்பர் உங்களிடம் இருக்கும். ஒரே மாதிரி ஒரு மெசேஜ் அனுப்புங்கள்: நீல மேட் பாத்திரங்களைச் சாப்பிட, குடிக்கப் பயன்படுத்த வேண்டாம், அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் பணம் அல்லது வேறு பாத்திரம் தருகிறேன். விளக்கம் நீளமாக வேண்டாம். பேர் கெட்டுவிடும் என்று நினைப்பீர்கள், நான் பார்த்தவரை இப்படிச் சொன்னவரிடம்தான் ஆட்கள் திரும்ப வருகிறார்கள். நான் வக்கீல் இல்லை, ஆனால் 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளால் வரும் தீங்குக்குத் தயாரித்தவர் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. தெரிந்த பிறகும் எச்சரிக்காமல் இருப்பது உங்களுக்கு நல்லதில்லை. கோடு விழுந்த கிண்ணத்தைக் கேட்டவருக்கு மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

கடைக்காரரிடம் பொங்கலுக்கு முடியாது என்று இப்போதே சொல்லிவிடுங்கள். புது உள்கிளேஸில் ஒரே தடவையில் ஆறு ஜாடி சுட்டு, வினிகர் சோதனை, எடைச் சோதனை, ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்துக் கொதிநீர் ஊற்றிப் பார்ப்பது, எல்லாம் முடிந்த பிறகு அதே தடவை சுட்ட ஜாடிகளை லேபுக்கு அனுப்புங்கள். ரிப்போர்ட் வந்ததும் அதன் நகலோடு போய் அவரைப் பாருங்கள், ஜாடிக்கு இருபது ரூபாய் கூடவே கேட்கலாம். உங்கள் டிரான்ஸ்பரன்ட் கிளேஸின் செய்முறையை மட்டும் கடிதத்தில் விட்டுவிட்டீர்கள். அதையும், 1220-ல் சுட்ட ஒரு டைலை வெளிச்சத்தில் சரித்துப் பிடித்த போட்டோவையும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.